வாசகர் கேள்வி பதில்: பின் ஆக்ஸிலில் எது பொருந்தும்?

கேள்வி: பின்சக்கர இயக்கமும் திடமான பின் ஆக்ஸிலும் கொண்ட பழைய கார் ஒன்றை வைத்திருக்கிறேன். அன்றாடம் சாலையிலும், மாதம் ஒருமுறை பந்தயத் தடத்திலும் ஓட்டுகிறேன். எஞ்சினின் சக்தியைக் கூட்டிவிட்டதால் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸிலுக்கு மாற வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். இன்னொன்று: தடத்தில் வேகமான வளைவைக் கடந்ததும் பிரேக் பெடல் முதல் மிதியில் ஆழமாக இறங்குகிறது, இரண்டாம் மிதியில் சரியாகிவிடுகிறது. இதற்கும் ஆக்ஸிலுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆக்ஸிலை மாற்றுவதற்கு எஞ்சினின் சக்தியைவிட இந்தப் பெடல்தான் வலுவான காரணம்.

உங்களுடையதைப் போன்ற கார்களில் வழக்கமாக இருக்கும் செமி ஃப்ளோட்டிங் அமைப்பில் ஆக்ஸில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு, வண்டியின் எடையையும், வளைவில் டயர் வழியாக வரும் பக்கவாட்டு விசையையும் சேர்த்தே சுமக்கிறது. சக்கரமும் பிரேக் டிஸ்க்கும் அந்த ஷாஃப்டின் முனையிலுள்ள ஃபிளாஞ்ச் என்ற வட்டத் தட்டிலேயே பூட்டப்பட்டிருக்கும். ஃபுல் ஃப்ளோட்டிங் அமைப்பிலோ, ஹவுசிங்கின் (ஷாஃப்டை மூடியிருக்கும் வெளிக்கூட்டின்) முனையிலுள்ள ஸ்பிண்டில் என்ற நிலையான குழாயின் மீது இரண்டு பேரிங்குகளில் அமர்ந்த தனி ஹப் எல்லாச் சுமையையும் ஏற்றுக்கொள்ள, ஷாஃப்டுக்கு முறுக்கு விசையைக் கடத்தும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. கனரக லாரிகளில் சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை வெளியே உருவ முடிவது இதனால்தான்.

முறுக்கு விசையைத் தாங்கும் வலிமை ஷாஃப்டின் விட்டத்தையும், அதன் முனையில் வெட்டப்பட்ட ஸ்ப்லைன் பற்களையும், உலோகத்தின் தரத்தையும் பொறுத்தது. 28 பற்கள் கொண்ட ஷாஃப்டுக்குப் பதிலாக அதைவிடத் தடித்த 31 அல்லது 35 பற்கள் கொண்ட ஷாஃப்டைச் செமி ஃப்ளோட்டிங் ஹவுசிங்கிலேயே பொருத்த வழியிருக்கும்போது, சக்தியைக் கூட்டியதற்காக மட்டும் ஹப் அமைப்பையே மாற்றுவது தேவையற்றது என்பது என் கருத்து.

இனி உங்கள் பெடலுக்கு வருவோம். பிடிப்பு மிகுந்த டயருடன் வேகமாக வளையும்போது செமி ஃப்ளோட்டிங் ஷாஃப்டின் ஃபிளாஞ்ச் சற்றே சாய்கிறது. அதனுடன் டிஸ்க்கும் சாய்ந்து, பிரேக் பேடுகளையும் அவற்றின் வழியே, பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன்களையும் உள்ளே தள்ளிவிடுகிறது. அடுத்த மிதியின் முதல் பகுதி அந்த இடைவெளியை மூடுவதிலேயே செலவாகிவிடும். இருபுறமும் பிஸ்டன் கொண்ட நிலையான கேலிப்பரில் இத்தொல்லை கடுமையாக இருக்கும். நகரும் கேலிப்பர் டிஸ்க்கோடு சேர்ந்து ஓரளவு நகர்ந்துகொள்வதால் அதில் குறைவாகவே தெரியும். வளைவு இல்லாத நீண்ட நேர்ப்பாதையின் முடிவிலும் பெடல் இறங்கி, பஞ்சுபோல மெத்தென்று இருந்தால், அது பிரேக் ஆயில் கொதித்ததன் அறிகுறியாகலாம். அதற்கு ஆக்ஸில் மருந்தாகாது. பேரிங் தேய்மானத்தையும் ஷாஃப்டின் உள்வெளி ஆட்டத்தையும் முதலில் அளந்து பாருங்கள். முன்சக்கர பேரிங் தளர்ந்திருந்தாலும் இதே குறை தோன்றும் என்பதால் அதையும் விட்டுவிடாதீர்கள். இவை சரியாக இருந்தும் குறை நீடித்து, நிலையான கேலிப்பரையே வைத்துக்கொள்ள விரும்பினால், ஃபுல் ஃப்ளோட்டிங்குக்குச் செலவழிப்பது தகும். அதுவரை, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே இடக்காலால் பெடலை இலேசாக ஒருமுறை தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஷாஃப்டை எது பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எஞ்சினின் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்குள் சி வடிவக் கிளிப்பால் நிறுத்தப்பட்ட ஷாஃப்ட் நடுவில் முறிந்தால், வெளிப்பகுதியைத் தடுக்க எதுவும் இல்லாததால் அது சக்கரத்தோடு வெளியேறக்கூடும். 1957 மாடல் கார்களில் அறிமுகமான ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலைப்போல, வெளி முனையில் பேரிங்கைத் தகடு வைத்துப் பூட்டும் அமைப்பில் நடுவில் முறிந்தால் சக்கரம் நிற்கும். ஆனால் ஃபிளாஞ்சுக்கு அருகில் முறிந்தால் அங்கும் சக்கரம் போய்விடும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எங்கு முறிந்தாலும் சக்கரம் ஹப்பிலேயே இருக்கும். தடத்தில் ஓடும் காரில் சி கிளிப்பை விட்டுவைக்க வேண்டாம் என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

கேள்வி: ஃபுல் ஃப்ளோட்டிங்கை அன்றாடச் சாலையில் பயன்படுத்தினால் என்ன சிரமம்?

பதில்: ஹப்பும் ஸ்பிண்டிலும் சேர்வதால் ஸ்பிரிங்குக்குக் கீழேயுள்ள எடை கூடுகிறது, கரடுமுரடான சாலையில் அது உணரப்படும். பேரிங்கின் இறுக்கத்தையும் ஆயில் சீலையும் அவ்வப்போது கவனிக்க வேண்டும்; சீல் கசிந்தால் ஆயில் நேராகப் பிரேக்கின் மேல்தான் போய்ச் சேரும். வாங்குவதற்கு முன்பு கை பிரேக்குக்கும் ஏபிஎஸ் சென்சாருக்கும் இடமிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கென்றே செய்யப்படும் பல ஹப்புகளில் இவ்விரண்டும் இருப்பதில்லை. ஹப்பின் மூக்கு சக்கரத்தின் நடுத்துளை வழியாக வெளியே நீளும் என்பதால், அந்தத் துளையின் விட்டத்தையும், இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் எவ்வளவு மாறும் என்பதையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகே ஹவுசிங்குக்கு ஆர்டர் கொடுங்கள்.