‘நன்றி: கூகுள்’ என்று போட்டால் போதுமா?

கேள்வி: கூகுளில் தேடி எடுத்த கோயில் படங்களை, ‘நன்றி: கூகுள்’ என்று குறிப்பிட்டு என் கட்டுரைகளில் சேர்க்கலாமா? இதில் எனக்கு வருமானம் எதுவும் இல்லை.

போதாது. கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை, அது இருக்கும் இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான். நன்றி சொல்ல வேண்டியதும் அனுமதி கேட்க வேண்டியதும் படத்தை எடுத்தவரிடம். ‘படம்: இணையம்’ என்று போடுவதும் இப்படித்தான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி படம் எடுத்த அந்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, வாட்டர்மார்க்கும் தேவையில்லை. (பலர் இதைக் ‘காப்புரிமை’ என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. படத்துக்கு இருப்பது பதிப்புரிமை.) 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் இந்த உரிமை நீடிக்கும். கோயில் ஆயிரம் ஆண்டுப் பழையது என்பதால் நேற்று எடுத்த படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படம் போன்றவை மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே சொந்தம். அதைச் சொல்வது பிரிவு 17.

வருமானம் இல்லை என்பது தனியாக ஒரு விலக்கு அல்ல. பிரிவு 52 சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. உலகமே பார்க்கும்படி வெளியிடுவது சொந்தப் பயன்பாடு ஆகாது. பக்கம் அழகாக இருக்கட்டும் என்று சேர்ப்பது விமர்சனமும் ஆகாது.

முதலில் படத்தின் மூலத்தைப் பிடியுங்கள். கூகுள் லென்ஸிலோ டின்ஐ (TinEye) என்ற படத் தேடல் தளத்திலோ படத்தை ஏற்றித் தேடலாம். டின்ஐயில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது. பின்ட்ரஸ்ட் பக்கம் வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், அங்கே இருப்பதில் பெரும்பகுதி மறுபதிவு. எடுத்தவர் யாரென்று தெரியவே இல்லையா? வேறு படம் தேடுங்கள்.

கோயில் படங்களுக்கு, விக்கிப்பீடியாவின் படங்கள் பல இருக்கும் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ்தான் என் முதல் பரிந்துரை. வணிகப் பயன்பாட்டையோ மாற்றங்களையோ தடுக்கும் உரிமங்களை அங்கே ஏற்பதில்லை. மற்ற தளங்களில், சில நிபந்தனைகளோடு படத்தை எல்லோரும் பயன்படுத்த விடும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ (சிசி) உரிமத்தின் எழுத்துகளைக் கவனியுங்கள். ‘பை’ என்றால் எடுத்தவரின் பெயரைப் போட வேண்டும். ‘என்சி’ இருந்தால் வணிகத்துக்கு ஆகாது. ‘என்டி’ இருந்தால் அதில் எழுத்துச் சேர்த்து போஸ்டராக்கி வெளியிடக் கூடாது. ‘எஸ்ஏ’ இருந்தால் நீங்கள் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் தர வேண்டும்.

பெயர் போடுவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஒழுங்கான குறிப்பு இப்படி இருக்கும்:

கழுகுமலை வெட்டுவான் கோயில். படம்: எடுத்தவரின் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0. ஓரம் வெட்டப்பட்டது.

தளத்தின் பெயரில் படப் பக்கத்துக்கும், உரிமத்தின் பெயரில் உரிமப் பக்கத்துக்கும் சுட்டி கொடுங்கள். இதில் ஒன்று விடுபட்டாலும் உரிமம் முறிந்ததாகக் கொள்ள இடமுண்டு. சிசி உரிமத்தின் 4.0 பதிப்பில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்தினால் உரிமம் தானே மீளும். ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தின் பழைய படங்கள் பலவற்றில் உள்ள 2.0 பதிப்பில் அந்தச் சலுகை இல்லை. இதை வைத்தே பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். உரிமம் தெரியும்படி படப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

உரிமம் எதுவும் இல்லாத படம் வேண்டுமென்றால் நேராகக் கேளுங்கள். எந்தப் படம், எங்கே வரும், பெயரை எப்படிப் போடுவீர்கள், பணம் உண்டா இல்லையா, இந்த நான்கையும் நாலு வரியில் எழுதினால் போதும். பலர் மகிழ்ச்சியோடு தருவார்கள். பதில் வராவிட்டால் அனுமதி இல்லை என்றே பொருள். படத்தில் யாராவது அடையாளம் தெரிந்தால், அதுவும் குழந்தை என்றால், எடுத்தவரின் அனுமதி மட்டும் போதாது, அவர்கள் வீட்டாரிடமும் கேட்க வேண்டும்.

வாட்டர்மார்க்கை வெட்டி எறியாதீர்கள். எடுத்தவரின் பெயரைத் தெரிந்தே அழிப்பது பிரிவு 65பி-இன்கீழ் இரண்டு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். முகநூலில் பிடித்த படத்தை இறக்கி மறுபடி ஏற்றாமல் ஷேர் பொத்தானை அழுத்தினால் எடுத்தவரின் பெயர் கூடவே வரும்.

யாராவது ‘என் படத்தை எடுத்துவிடுங்கள்’ என்றால் வாதாடாமல் அன்றே எடுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸில் கட்டுரையிலிருந்து நீக்கினாலும் கோப்பு மீடியா லைப்ரரியில் கிடக்கும், அதன் சுட்டியும் வேலை செய்யும். அங்கேயும் போய் அழித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.