ரேக் அடிப்பதற்கு முன் அந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் பிளம்பிங் வேலை செய்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் பழைய மாருதி ஈகோ கார்கோ ஒன்று வாங்கினேன். நானும் இரண்டு பையன்களும் ஒரு நாளைக்கு நாலைந்து வீட்டுக்குப் போகிறோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு எல்போவையோ வாஷரையோ தேடியே அரை மணி நேரம் போய்விடுகிறது. வண்டியிலேயே இருக்கிற சாமானுக்குக்கூடக் கடைக்கு ஓடியிருக்கிறோம். பட்டறைக்காரர் ஒருவர் டிராயர் வைத்த இரும்பு ரேக், வெல்டிங் அடித்து 38,000 ரூபாய் என்கிறார். போடலாமா? எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சான்று) பிரச்சினை வருமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். காசு மிச்சமாகட்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. ரேக் வந்தாலும் அந்த அரை மணி நேரம் திரும்ப வராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு தார்ப்பாயை விரித்து, வண்டியில் இருக்கும் இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட்டுகளை எல்லாம் அதில் கவிழ்த்துக் கொட்டுங்கள். பெயின்ட் பக்கெட் இல்லாத பிளம்பர் வண்டியை நான் பார்த்ததில்லை, உங்களிடமும் குறைந்தது நாலு பக்கெட் இருக்கும். கொட்டினால் மூன்று இனப் பிளாஸ்டிக் பைப்புக்கான ஃபிட்டிங், அதாவது எல்போ, கப்ளிங் மாதிரி இணைப்புச் சாமான், கலந்து கிடப்பது தெரியும். க்ரீம் நிறத்தில் சிபிவிசி. வெள்ளையில் யுபிவிசி. சாம்பலில், தோட்டத்துக்கும் மோட்டார் லைனுக்கும் போடுகிற பிவிசி. மூன்றிலும் ‘முக்கால் இன்ச்’ என்று ஒன்று உண்டு. ஆனால் சிபிவிசி முக்கால் பைப்பின் வெளி விட்டம் 22.2 மில்லிமீட்டர், யுபிவிசி முக்கால் 26.7, சாம்பல் பைப்பில் முக்கால் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது 25. முதலாவது தாமிரக் குழாய் அளவில் வந்தது, இரண்டாவது பழைய இரும்புக் குழாய் அளவில் வந்தது, மூன்றாவது நேராக மில்லிமீட்டரில் வந்தது. இதற்கு மேல் தெரிந்துகொண்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒன்றின் எல்போ இன்னொன்றில் உட்காராது, அவ்வளவுதான்.

மொட்டை மாடியிலிருந்து நீங்கள் “முக்கால் எல்போ கொண்டா” என்று கத்தினால் பையன் எதை எடுத்து வருவான்? கைக்குக் கிடைத்ததைத்தான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

எனக்கே நடந்ததுதான். ஒரு அபார்ட்மென்ட் மாடியில் டேங்க் வால்வை மூடி, லைனையும் வெட்டியாகிவிட்டது. பையிலிருந்து வந்ததெல்லாம் வெள்ளை எல்போ. தேவைப்பட்டது க்ரீம். முப்பது வீட்டுக்குத் தண்ணீர் இல்லை, பக்கத்துக் கடை மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. செக்ரட்டரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மாடிக்கே கொண்டுவரச் சொல்லி என் எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. சாயங்காலம் வண்டிக்குள் பார்த்தால் க்ரீம் எல்போ பதினொன்று கிடக்கிறது, பக்கெட்டின் அடியில்.

ஆகவே முதல் வேலை, இனம் பிரிப்பது. அளவு பிரிப்பது அதற்கு அப்புறம்தான். மூன்று இனத்துக்கும் மூன்று நிறத்தில் பெட்டி. ஸ்வீட் கடைக்குச் சாமான் விற்கிற மொத்தக் கடைகளில் தட்டையான பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். அதில் ஒரு டப்பாவுக்கு ஒரு அளவு. அந்த டப்பாக்களைத் தக்காளி கிரேட்டில் நிறுத்தி அடுக்குங்கள். கிரேட் ஒன்றின் மேல் ஒன்று ஆடாமல் உட்காரும், பக்கவாட்டில் ஓட்டை இருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியும். டப்பாவின் மேல் எழுதுவதைவிட அந்த ஃபிட்டிங்கையே ஒன்றை டேப் போட்டு வெளியே ஒட்டிவிடுவது நல்லது. வடக்கிலிருந்து வந்த பையனுக்கும் புரியும், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். பெயின்ட் பக்கெட்டில் ஆழம் அதிகம், தேடுகிற சாமான் எப்போதும் அடியில்தான் இருக்கும். அதைச் சிமென்ட் குழைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பைப் ரென்ச் இரண்டு, ஸ்பேனர், கட்டர், ஹேக்சா, டெஃப்லான் டேப், சுத்தியல், உளி எல்லாம் ஒரே ரெக்ஸின் பையில் இருக்கட்டும். வண்டியிலிருந்து இறங்கும்போது அந்தப் பை தானாகக் கையோடு வர வேண்டும். டிரில்லிங் மெஷினுக்கு அதன் பெட்டியே போதும்.

அடுத்து, எவ்வளவு சாமான் ஏற்றுவது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வீட்டில் என்ன போட்டோம், எதற்காகக் கடைக்கு ஓடினோம். ஓடிய சாமான்தான் வண்டியில் இருக்க வேண்டியது. என் அனுபவத்தில் அது பெரிய சாமானாக இருப்பதே இல்லை. டைல்ஸ் ஒட்டின பிறகு குழாய் சுவரோடு உட்காராமல் நிற்குமே, அப்போது வேண்டியது எக்ஸ்டென்ஷன் நிப்பிள். அரை இன்ச், ஒரு இன்ச், ஒன்றரை இன்ச், இரண்டு இன்ச் நீளங்களில் நாலு நாலு இருந்தால் பாதி ஓட்டம் நின்றுவிடும். கூடவே பிராஸ் எல்போ, ஆங்கிள் காக், வாஷ்பேசின் கனெக்‌ஷன் பைப், ஃபிளஷ் டேங்க் வாஷர், எண்ட் கேப். எண்ட் கேப்பை மறக்காதீர்கள். வேலை பாதியில் நின்றால் லைனை அடைத்துவிட்டு மற்ற வீட்டுக்குத் தண்ணீர் விடலாம். நான் அன்றைக்கு அந்த நாற்காலிக்கு எதிரில் நின்றதே பையில் ஒரு எண்ட் கேப் இல்லாததால்தான்.

இரண்டு மாதமாகத் தொடாதது எதுவானாலும் வீட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் வண்டி ரொம்பியிருப்பதற்குப் பாதிக் காரணம் ஹார்டுவேர் கடைக்காரர் என்று பந்தயம் கட்டுவேன். ‘பெட்டியாக எடுங்க, விலை குறைச்சுத் தர்றேன்’ என்பார். சால்வென்ட் (பைப் ஒட்டுகிற பசை) டின்னிலும் ஃபிட்டிங் பெட்டியிலும் பாயின்ட் கூப்பன் இருக்கும். இத்தனை பாயின்ட் சேர்ந்தால் மிக்ஸி, இத்தனைக்குக் குக்கர், அதற்கு மேல் போனால் டூர். அந்த மிக்ஸி என் வீட்டிலும் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அதற்காக வாங்கின ஒன்னேகால் இன்ச் பால் வால்வுகள் ஒன்பது வருஷமாகப் பரணில் இருக்கின்றன. கடன் கொடுக்கிற கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், தெரியும். அதனால் வேறு மாதிரி பேசுங்கள்: பிரிக்காத சாமானை ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? எடுத்துக்கொள்வேன் என்கிற கடையில் வாங்குங்கள், பில்லோடு. பில் இல்லாமல் இரண்டு ரூபாய் குறைத்து வாங்கியதைத் திருப்பிக் கொண்டுபோனால் ‘இது நம்ம கடைச் சரக்கே இல்லையே’ என்பார்கள். நாம் என்ன காட்டுவது?

சரி, ரேக்குக்கு வருவோம். பிரித்து அடுக்கிய பிறகும் வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள், ஆனால் பட்டறைக்காரர் சொல்கிற மாதிரி வேண்டாம். அவருக்கு வெல்டிங் அடிப்பதுதான் லாபம், கழற்ற முடியாமல் போனால் மறுபடியும் அவரிடமே போவீர்கள். வண்டி பாடியில் வெல்டிங் வைத்த இடத்தில் பெயின்ட் கருகி, அடுத்த மழைக்குத் துரு பிடிக்கும். கனத்த ஆங்கிளில் டிராயரோடு செய்தால் ரேக் மட்டுமே நூறு கிலோவைத் தொடும் என்பது என் கணிப்பு. உங்கள் ஆர்.சி.யில் காலி எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள், அதில் வண்டியில் ஏறுகிற ஆட்களின் எடையைக் கழியுங்கள், ரேக்கையும் கழியுங்கள். மிச்சம்தான் சாமானுக்கு.

ஓட்டை போட்ட ஆங்கிள் இருக்கிறதே, ஆபீஸ் ஃபைல் அடுக்குகிற ரேக் செய்வார்களே, அதுவே போதும். இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம். போல்ட்டும் நைலாக் நட்டும் பெரிய வாஷரும் போட்டுத் தரையில் பிடியுங்கள். சாதாரண நட் போட்டால் நம் ரோட்டில் ஒரு மாதத்தில் கழன்று வந்துவிடும். தரையில் துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள், அங்கே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, லைன் ஓடுகிறது. கனமானதெல்லாம் கீழ்த்தட்டில், முன் சீட்டை ஒட்டி. சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி வலைத் தடுப்பு அவசியம். திடீரென்று பிரேக் அடித்தால் பைப் ரென்ச் எங்கே பறந்து வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எஃப்.சி. பற்றிக் கேட்டீர்கள். ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். போல்ட் போட்டு நிறுத்தின ரேக், மாற்றமா சாமானா? இதை ஆர்.டி.ஓ. அலுவலகக் கவுன்டரில் கேட்டுப் பாருங்கள், யாராவது எழுதித் தருகிறார்களா என்று. நான் கேட்டேன். ஒரு அலுவலகத்தில் அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதே ரேக், அதே வண்டி, அடுத்த முறை இன்னொரு அலுவலகத்தில் ‘எல்லாத்தையும் கழட்டிட்டு வா’ என்றார்கள். எது சரி என்று கேட்டதற்கு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். போல்ட்டில் போடச் சொல்வதே இதனால்தான். எஃப்.சி.க்கு முந்தின நாள் இரண்டு மணி நேரத்தில் கழற்றிவிடலாம். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை எஃப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருஷா வருஷம். கழற்ற வேண்டியதும் அவ்வளவுதான்.

அலுவலக வாசலில் நிற்கிற ஏஜென்ட்டுகளிடம் கவனமாக இருங்கள். ‘கூட்ஸ் வண்டிக்குப் பர்மிட் இல்லையா, போட்டுத் தர்றேன்’ என்பார். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை, 66-வது பிரிவிலேயே இருக்கிறது. ஈகோ அதில் அடங்கும். ‘மஞ்சள் போர்டு ஓட்ட பேட்ஜ் வேணும்’ என்பார் இன்னொருவர். கார் லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ வரை உள்ள போக்குவரத்து வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஏழு வருஷத்தில் இரண்டு தடவை சொல்லியாயிற்று. ஏஜென்ட் காதில் விழவில்லை. சில கவுன்டர்களிலும் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இழுத்துச் சொல்லியே ஆக வேண்டும், இதில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். உங்கள் வண்டி உண்மையிலேயே கார்கோதானா? உள்ளே சீட் இல்லை என்பதற்காகக் கார்கோ ஆகிவிடாது. ஐந்து சீட் வெள்ளை போர்டு ஈகோவை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ‘கார்கோ’ என்று விற்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். கழற்றின சீட்டைத் தனியாக விற்றும் காசு பார்ப்பார்கள். ஆர்.சி.யை எடுத்து வண்டி வகை என்ற இடத்தையும் இருக்கை எண்ணிக்கையையும் படியுங்கள். கூட்ஸ் என்று இருந்தால் நிம்மதி. மோட்டார் கார், இருக்கை ஐந்து என்று இருந்தால் நான் மேலே சொன்ன 52-வது பிரிவு உங்களைத்தான் பார்க்கிறது. போலீஸ்காரரைக்கூடச் சமாளிக்கலாம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரரைச் சமாளிக்க முடியாது. ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்றால் க்ளெய்மைத் தட்டிக்கழிக்க அவர்களுக்கு அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? அப்படி மாட்டியிருந்தால் ஒன்று சீட்டைத் திரும்ப வாங்கிப் பொருத்துங்கள், இல்லை வகையை மாற்ற முடியுமா என்று கேட்டு முறைப்படி விண்ணப்பம் போடுங்கள். இரண்டும் செலவுதான். ‘யார் பார்க்கப் போறாங்க’ என்கிறவர் விபத்து அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார். ரேக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன், இன்று ராத்திரியே ஆர்.சி.யைப் பாருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சால்வென்ட் சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு. ஈகோவில் முன் சீட்டுக்கு அடியில்தான் என்ஜின், அதை ஒட்டி டின்னை வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டின வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சின்ன டின்னாக வாங்கி, ராத்திரி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். கெட்டியானால் தின்னர் ஊற்றி இளக்குகிற வேலை வேண்டாம், அப்படி ஒட்டின ஜாயின்ட் ஒழுகி மறுபடியும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், இந்த முறை காசு இல்லாமல்.

மேலே கேரியரில் பைப் கொண்டு போவதாக இருந்தால் மூன்று மீட்டர் நீளத்தையே கேட்டு வாங்குங்கள். வண்டியின் நீளம் 3,675 மில்லிமீட்டர், முன்னும் பின்னும் நீட்டாமல் உட்காரும். ஐந்து மீட்டர் பைப்பை ஏற்றிப் பின்னால் சிவப்புத் துணி கட்டினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மீறி நீட்டினால் 20,000 ரூபாய், அதோடு அங்கேயே இறக்கி வைக்கச் சொல்வார்கள். ஐந்து மீட்டர்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் அவரையே இரண்டரை இரண்டரையாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு கப்ளிங்தானே கூடுதல்.