1891 லோவெ ரைஃபிளில் 'எஸ்' முத்திரை இருந்தால் இன்றைய 8 மி.மீ. தோட்டா போடலாமா?

கேள்வியின் சுருக்கம்: 'லுட்விக் லோவெ, பெர்லின், 1891' என்று செய்த நிறுவனத்தின் பெயர் பொறித்த கெவேர் 88 (ஜெர்மன் ராணுவத்தின் 1888 மாடல் ரைஃபிள்) கைக்கு வந்திருக்கிறது. ரிசீவர் (குழலின் பின்முனை பொருந்தும் உலோக உடல்) மேல் 'எஸ்' முத்திரை. ஆங்காங்கே துரு. தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, கடையில் கிடைக்கும் 8 மி.மீ. மௌசர் தோட்டா போட்டுச் சுடலாமா?

தேய்க்கவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். நீங்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தியா என்றால் முதல் வேலை உரிமம் பற்றி விசாரிப்பதுதான்.

அது மௌசர் துப்பாக்கியும் இல்லை. பெர்லின் அருகே ஸ்பாண்டாவில் ஜெர்மன் ராணுவம் அமைத்த சோதனைக் குழு, ஆஸ்திரிய வடிவமைப்பாளர் மான்லிஷரின் பாணி மேகஸினையும் (தோட்டா அடுக்கும் பெட்டி) வேறு சிலரின் யோசனைகளையும் சேர்த்துத் தைத்த துப்பாக்கி. ஐந்து தோட்டாக்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்போடு உள்ளே தள்ள வேண்டும். கடைசித் தோட்டா ஏறியதும் காலிக் கிளிப் அடிவழியாக விழும். 1905க்குப் பிறகு மாற்றியமைத்தவற்றில் அடித்துளை மூடியிருக்கும், ரிசீவர் மேல் சார்ஜர் (தோட்டாக்களை மட்டும் உள்ளே இறக்கிவிட்டு வெளியே எடுக்கும் தகடு) செருகும் காடி இருக்கும்.

'எஸ்' விஷயத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 1888 தோட்டாவின் குண்டு சுமார் 8.08 மி.மீ. விட்டம், மொண்ணை மூக்கு, 14.7 கிராம். 1905இல் வந்த 'எஸ்' தோட்டாவின் கூர்மூக்குக் குண்டு 8.20 மி.மீ., சுமார் 10 கிராம். புதுத் தோட்டாவில் குண்டைப் பிடிக்கும் கழுத்து தடிமன் என்பதால் பழைய துப்பாக்கிகளில் சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) கழுத்தை மட்டும் அகலப்படுத்தி 'எஸ்' குத்தினார்கள். குழலின் உள்விட்டத்தைத் தொடவில்லை. குழலைப் பற்றிச் சொல்வது 'இசட்' முத்திரை: 1896இல் புரிப்பள்ளத்தின் (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம்) ஆழம் 0.10 மி.மீ.யிலிருந்து 0.15 மி.மீ. ஆனது. 1891 துப்பாக்கியில் அசல் குழலே இருந்தால், எதிரெதிர்ப் பள்ளங்களுக்கு இடையே 8.10 மி.மீ.தான் இருக்கும். அதற்குள் 8.20 குண்டைத் திணித்தால் அழுத்தம் எகிறும்.

முத்திரையை நம்பாமல் அளந்து பாருங்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்து போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) கழற்றி, குழலுக்குள் எண்ணெய் ஓட்டுங்கள். 8.5 மி.மீ. அளவுள்ள சுத்தமான ஈயக் குண்டை வாய்ப்பக்கம் வைத்து, பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி மறுபக்கம் வரை கொண்டுபோங்கள். பாதியில் நிறுத்தக் கூடாது. துடைப்புக் கம்பி உரசி வாய்ப்பக்கம் அகன்றிருக்கலாம். முழுக்கப் போய் வரும் ஈயம் உள்ளே இருக்கும் மிகக் குறுகலான அளவையே காட்டும். இதில் நான்கு புரி, அதனால் பள்ளத்துக்கு நேரெதிரே பள்ளம். மைக்ரோமீட்டரால் சுலபமாக அளக்கலாம்.

"இருபது வருஷமா அதே தோட்டாதான் போடறேன், ஒண்ணும் ஆகலியே" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் வருவார். அமெரிக்கக் கம்பெனிகள் இந்தப் பழைய குழல்களுக்குப் பயந்தே 8 மி.மீ. தோட்டாவில் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தோட்டா முழு அழுத்தம் உடையது. அளவு 8.20 என்று வந்தாலும் அதைப் போடாதீர்கள்.

அடுத்து மேலுறை. குழலைச் சுற்றி ஒரு மெல்லிய எஃகுக் குழாய் இருக்கிறது. குழல் சூடேறி நீளும்போது மரக்கட்டை அதை நெருக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இடைவெளியில் புகுந்த ஈரம் வெளியே வராது. மேலே மினுமினுப்பு, உள்ளே அரிப்பு. வாய்ப்பக்க இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். உறையில் ஒடுக்கு விழுந்திருந்தால் அது குழலைத் தொட்டு அமுக்கும், குறி தவறும். பைப் ரெஞ்ச் போட்டு உறையைக் கழற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

போல்ட்டின் தலை தனித் துண்டு. கழன்று தொலைவது சகஜம், தோட்டாவை இழுக்கும் கொக்கியும் அதோடு போய்விடும். தலை இல்லாமலும் போல்ட் உள்ளே போய் மூடிக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து. தலை, போல்ட், ரிசீவர், குழல், கட்டை எல்லாவற்றிலும் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். சின்ன உதிரிகளில் கடைசி இரண்டு இலக்கம்தான் இருக்கும். குறிபார்க்கும் தகட்டில் அரபு எழுத்து வடிவ எண்கள் இருந்தால் துருக்கி போய் வந்தது. அங்கே உதிரிகள் கலந்திருக்கும்.

துருவுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, நான்கு சுழி (0000) மென்எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் துடைத்தால் போதும். பழைய தோட்டாவின் உப்பு குழலில் தங்கியிருக்கும். வெந்நீர் ஊற்றி அலசி, உடனே காயவைத்து எண்ணெய் போடுங்கள். கட்டையில் உப்புத்தாள் படவே கூடாது. படைப்பிரிவு, கிரீட முத்திரைகள் போய்விட்டால் விலையும் போச்சு. ஆளி விதை எண்ணெய் நாலு சொட்டு, துணியால் தேய்த்தால் போதும்.

கேட்காத ஒன்று. 'லோவெ செய்தது வெடிக்கும்' என்று இன்னும் எழுதுகிறார்கள். 1892இல் ஹெர்மன் ஆல்வார்ட் என்ற யூத வெறுப்பாளர், லோவெ யூதக் குடும்பத்து நிறுவனம் என்பதாலேயே கிளப்பிய புளுகு அது. அவதூறு வழக்கில் அவருக்குச் சிறைத் தண்டனையே கிடைத்தது. அதைக் காட்டி யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.