ஔவையார் இறந்த வருடம்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் எங்கள் பாட்டியின் கருமக்கிரியை முடிந்த அன்று, பாட்டிக்குப் பிடித்த படம் என்று ‘ஔவையார்’ படத்தைத் தொலைக்காட்சியில் போட்டோம். அத்தைமார் எல்லாரும் கே.பி.சுந்தராம்பாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் நடித்த வேறு படம் ஒன்று சொல்லுங்கள் என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பெரிய பாடகி, தேசிய விருது பெற்றவர். அவரை ஒரு கிழவி வேடத்துக்குள் அடைத்துவிட்டோமே, இது அநியாயம் இல்லையா?

ஒரு வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

1980இல் அவர் காலமான செய்தி வந்தபோது நான் ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். ஸ்டோரில் ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண், எங்கள் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று, “ஔவையார் செத்துட்டாங்களாம்” என்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எந்த ஔவையார் என்றும் யாரும் கேட்கவில்லை. என் பெரியம்மா அன்று சாயங்காலம் தலைமுழுகினார். உறவுக்காரர் செத்தால் செய்வது அது. இதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் திடலில் அந்தப் படத்தைப் போட்டார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி. முன்பக்கம் பாயும் சாக்கும் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டதால், நாங்கள் சிறுவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அங்கே எல்லாம் இடம் வலமாகத் தெரியும். ஔவையார் கோலை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம் உண்டு. விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். அன்று ஒருவரும் எழுந்து போகவில்லை.

கல்யாணம் வேண்டாம், என் இளமையை எடுத்துக்கொள் என்று அந்தப் பெண் பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவியாகும் இடம் வந்தது. பெரியம்மா இருபத்தாறு வயதில் தாலியறுத்தவர். “அந்தம்மாவுக்கு இதுக்கு வேஷம் எதுக்கு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். சுந்தராம்பாளின் கணவர், நாடக நடிகர் கிட்டப்பாவின் கதை லயத்தில் எல்லாருக்கும் தெரியும். இலங்கை மேடையில் சேர்ந்த ஜோடி. 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதற்குப் பிறகு வெள்ளைச் சேலைதான். எந்த ஆணோடும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். 20 வருடம் கழித்து, 1953இல், ஜெமினி வாசன் அவரை ஔவையாராக்கினார். பிள்ளையார் தரும் முன்பே அந்த முதுமையை அவர் தானாக வாங்கிக்கொண்டிருந்தார் என்று பெரியம்மா சொன்னதாகத்தான் நான் புரிந்துகொண்டேன். இது பிற்பாடு புரிந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கம்.

தனியாக ஊர் ஊராக நடந்து, அரசனையும் அதட்டி, முருகனிடமும் கேள்வி கேட்கிற ஒரு பெண்ணை, தோட்டத்துக் கணக்கரான கிராணி முன்னால் தலைநிமிர முடியாத பெண்கள் பார்த்துக்கொண்டிருந்த ராத்திரி அது. அந்த வேடத்தை அவர்கள் எப்படி விடுவார்கள்?

நீங்கள் கோபப்பட வேண்டியது சினிமாக்காரர்கள் மேல். 1965இல் ‘திருவிளையாடல்’, மறுபடி ஔவையார். 1967இல் ‘கந்தன் கருணை’, மறுபடி ஔவையார். அவற்றுக்கு முன், 1964இல், ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள் என்று ஒரு சமணத் துறவி வேடம் கிடைத்தது, நல்ல வேளை. ஆனால் ‘திருவிளையாடல்’ ஔவையார் பாடிய ‘பழம் நீயப்பா’ இல்லாமல் தைப்பூசத்து ஒலிபெருக்கி இல்லை என்பதால் இதையும் நான் சத்தமாகச் சொல்ல முடியாது.

பல வருடம் கழித்து என் அக்காவோடு சென்னை போனேன். மெரினாவில், 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த ஔவையார் சிலையின் முன் நின்றோம். அக்கா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “முகம் சரியா வரலையே” என்றாள். யாருடைய முகம் என்று கேட்டேன். என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சரி, எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. அது வேறு. கிட்டப்பா போன பிறகு அவர் நடிக்க வந்த படம், 1935இல் வெளியான ‘பக்த நந்தனார்’. ஆண் வேடம். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று அந்தக் காலத்தில் ஊரே பேசியது. நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனால் நந்தன் கதை தெரியும். சிதம்பரம் போகப் பண்ணையாரிடம் உத்தரவு கேட்டு நிற்கிற பண்ணையாள். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் வாங்கியவர். தைப்பூசத்துக்கு முதல் நாளே ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர என் அப்பா லீவு கேட்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. “மழை பெஞ்சு பால்வெட்டு இல்லன்னா போ” என்றார் கிராணி. எங்கள் பக்கம் தை மாதத்தில் மழையை எங்கே தேடுவது? அப்பா மூன்று நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே பால்மரம் வெட்டினார். அந்த வருடம் போகவில்லை.

அந்த நந்தனைத் திடலில் போட்டிருந்தால் முன்வரிசைப் பாயில் அப்பா உட்கார்ந்திருப்பார். ஔவையார் படத்துக்கு அவர் வரவில்லை, பொம்பளைங்க படம் என்று சொல்லிவிட்டார்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நீங்கள் சொன்ன தேசிய விருது ‘துணைவன்’ படத்தில் பாடியதற்கு, 1969ஆம் ஆண்டுக்குரியது. அந்தப் பாட்டுகளில் ஒன்றை, படத்தின் பெயரைச் சொல்லாமல், அத்தைமாருக்குப் போட்டுக் காட்டி யார் பாடுவது என்று கேளுங்கள். பதில் எனக்குத் தெரியும். அடுத்து இன்னொன்று போடச் சொல்கிறார்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.