வில்லியம் ஓன்யேபோர் யார்? பாடுவதை ஏன் நிறுத்தினார்?

நைஜீரியாவின் எனுகு நகரைச் சேர்ந்த பாடகர் வில்லியம் ஓன்யேபோர். 1977 முதல் 1985 வரை எட்டு ஆல்பங்கள். எல்லாமே அவரே எழுதி, பாடி, தயாரித்து, தன்னுடைய வில்ஃபில்ம்ஸ் நிறுவனம் மூலம் வெளியிட்டவை.

அந்த இசையின் சுகமே அவசரமின்மைதான். 1985-இல் வந்த 'வென் த கோயிங் இஸ் ஸ்மூத் அண்ட் குட்' பாட்டைக் கேளுங்கள். ஒரே தாளக்கட்டு பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி அதன்மேல் வளைந்து வளைந்து போகிறது. பெண் குரல்கள் கூடவே வருகின்றன. நல்ல காலத்தில் நாலு பேர் கூடுவார்கள், கஷ்டம் வந்தால் காணாமல் போவார்கள் என்பதுதான் விஷயம். எனக்கு அவர் பாட்டுகளிலேயே இதுதான் உசத்தி.

அதன்பின் கிறிஸ்தவ நம்பிக்கையில் தீவிரமாக இறங்கி, இசையை அடியோடு விட்டார். எனுகுவில் மாவு ஆலை நடத்தினார். பழைய பாட்டுகளைப் பற்றி யார் கேட்டாலும் பேச மறுத்து, கடவுளைப் பற்றியே பேசினார். அந்த உறுதியை நான் மதிக்கிறேன்; கேட்கிறவனாக ஏக்கமும் உண்டு.

பாடகர் டேவிட் பர்ன் தொடங்கிய லுவாக்கா பாப் இசை நிறுவனம் 2013-இல் இந்தப் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்ட பிறகே உலகம் ஓன்யேபோரைத் தேடியது. 2017 ஜனவரியில் காலமானார். புதிதாகக் கேட்பவர்கள் 'ஃபன்டாஸ்டிக் மேன்' பாட்டிலிருந்து தொடங்கலாம்.