வாசகர் கேள்வி, டீச்சர் பதில்: படக்கதையும் பசைப்போத்தலும்

கேள்வி: டீச்சர், ஆறு வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் இருக்கிறார்கள். இருவருக்கும் வீட்டில் நானே படிப்பிக்கிறேன். வாரம் ஒரு படக்கதையை எடுத்து, அதையொட்டி ஏதாவது கைவேலை செய்வோம். இரவு பதினொரு மணிவரை இருந்து பிரிஸ்டல் போட் வெட்டி ஆயத்தம் செய்கிறேன். காலையில் பத்தே நிமிடத்தில் இரண்டும் எழுந்து ஓடிவிடுகின்றன. என்னதான் செய்வது?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முதலில் நேரத்துக்கு நித்திரைக்குப் போங்கள், தங்கச்சி. வெட்டுவதும் ஒட்டுவதும்தான் இதில் பிள்ளைக்கு உரிய பங்கு. அதை நீங்களே இரவோடிரவாக முடித்துவிட்டால் அவர்கள் ஓடாமல் என்ன செய்வார்கள்?

படக்கதை என்றதும் காகிதமும் பசையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கதையில் நடப்பதை நிஜமாகவே செய்துபார்க்கலாமே. சிபில் வெத்தசிங்க 1956இல் எழுதிப் படமும் வரைந்த குடைக் கள்ளன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குடையையே கண்டிராத ஊரிலிருந்து கிரி மாமா பட்டணத்துக்குப் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். அது களவு போகிறது. இன்னொன்று வாங்குகிறார், அதுவும் போகிறது. கடைசியில் மடித்த குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திக் கிடக்கும் வழியே போய்க் களவு போன குடைகளைக் கண்டுபிடிக்கிறார். கள்ளன் ஒரு குரங்கு. இந்தக் கதைக்குக் காகிதக் குடை செய்யவா வேண்டும்? கதவு மூலையில் நிஜக் குடை நிற்கிறதே!

முதல் நாள் வாசித்தால் மட்டும் போதும். அடுத்த நாள், குடைக்கு முன்பு அந்த ஊரார் பிடித்துக்கொண்டு போன வாழையிலையையும் சேம்பிலையையும் தேடுங்கள். வாழையிலை சந்தையில் கிடைக்கும். சேம்பு கால்வாய்க் கரைகளில் தானாக வளர்கிறது. அதன் தண்டுச் சாறு பட்டால் கை கடிக்கும் என்பதால் நீங்களே வெட்டிக் கொடுங்கள். இரண்டு இலைகளையும் ஒரு பழைய செய்தித்தாளையும் ஒரு சாக்குத் துண்டையும் குளியலறையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி தண்ணீர் விடச் சொல்லுங்கள். எது நனையும், எது நனையாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதுதான் விளையாட்டின் விதி. மகள் அதைக் கொப்பியில் எழுதட்டும், மகன் கீறட்டும். சேம்பிலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெழுகு பூசிய மேடுகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் நுனியில் நிற்கிறதே தவிர இலையை நனைப்பதில்லை. இதை நீங்களாகச் சொல்ல வேண்டாம். "ஏன்?" என்று கேட்டால் சொல்லுங்கள்.

காகிதத் துண்டுகள் சிந்திய வழியே கள்ளனைத் தேடும் விளையாட்டைக் காலி வீதியில் வேண்டாம், விறாந்தையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி அள்ளுவதும் கள்ளனின் வேலையாக இருக்கட்டும்.

பிறகு மழையை அளக்கலாம். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல் போல அதற்குள் செருகுங்கள். அடியில் சில கூழாங்கற்கள் போட்டால் காற்றுக்கு விழாது. போத்தலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆகவே நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் மில்லிமீட்டர் அடிமட்டத்தை ஒட்டிவிடுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கழுத்து ஒடுங்கிய ஜாம் போத்தல் என்றால் கணக்குப் பிழைக்கும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளவத்தை மாடிவீடுகளில் மொட்டைமாடிச் சாவி வைத்திருப்பவரைச் சிநேகம் பிடிப்பதுதான் இதிலேயே கடினமான பகுதி. தினமும் காலை 8.30க்குப் பார்த்துக் குறித்துவிட்டுப் பூச்சியக் கோட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் முந்திய 24 மணி நேர மழையைக் கணக்கிடுவதும் காலை 8.30 வரைதான். அவர்கள் கொழும்புக்குச் சொல்லும் அளவும் மகளின் அளவும் பெரும்பாலும் ஒத்துவராது. மழை தெருவுக்குத் தெரு வேறுபடும் என்பதை அவள் அப்போது தானே கண்டுபிடிப்பாள். ஒக்டோபர், நவம்பர் என்றால் இன்னும் நல்லது. பிற்பகல் இடிமழை ஏமாற்றாது.

குடைக்கடை வைத்து விளையாடுவது தானாகவே தொடங்கும். நீங்கள் வாடிக்கையாளராகப் போனால் போதும். பேரம் பேசுங்கள்.

கேள்வி: என் மூன்று வயது மகன் ஒரே புத்தகத்தையே தினமும் வாசிக்கச் சொல்கிறான். புதிது வாங்கினால் தூக்கி எறிகிறான். அறிவு வளராமல் போய்விடுமா?
- ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை

பதில்: வளரும். உங்களுக்குத்தான் அலுப்பு வரும், அவனுக்கு அல்ல. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வெவ்வேறு கதைகளில் புதுச் சொற்களைக் கேட்ட பிள்ளைகளைவிட, அதே சொற்களை ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான் அவற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் வீட்டில் படிப்பிக்கும் பெற்றோர் பலர், ஒரே படக்கதையை ஐந்து நாள் தொடர்ந்து வாசித்து, ஒரு நாள் கணக்கு, ஒரு நாள் ஓவியம், ஒரு நாள் விஞ்ஞானம் என்று வெவ்வேறு பக்கத்தால் நுழைகிறார்கள். உங்கள் மகன் அந்த முறையைக் காசில்லாமல் சொல்லித்தருகிறான்.

கேள்வி: நான்கு வயதுப் பேரனுக்கு எரிக் கார்லின் பசிப் புழுக் கதையை வாசித்தேன். பல்கனியில் உள்ள கறிவேப்பிலைச் சட்டியிலும் ஒரு புழு வந்தது. அப்பிள் துண்டு வைத்தான், தின்னவில்லை. "அம்மம்மா, புத்தகம் பொய்யா?" என்கிறான்.
- ஓர் அம்மம்மா, தெஹிவளை

பதில்: அம்மா, உங்கள் பேரன் என் கட்சி. 1969இல் வந்த அந்தப் புத்தகத்தின் புழு அப்பிள், பெயார்ஸ், தோடம்பழம் எல்லாம் துளைத்துத் தின்னும். உங்கள் வீட்டுப் புழு கறிவேப்பிலை, தேசி போன்ற ஒரே குடும்பத்துச் செடிகளின் இலையை விட்டு வேறெதையும் தொடாது. புத்தகம் விளையாடுகிறது, செடி உண்மையைச் சொல்கிறது என்று சொல்லுங்கள். நான்கு வயதுக்கு இது விளங்கும்.

முதலில் பறவை எச்சம் போல இருந்து பிறகு பச்சையாக மாறினால், அது அநேகமாகக் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு. மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்புக் கொம்பு இரண்டை நீட்டி நாற்றம் விடும். அதைப் பார்த்த பிள்ளை அன்று முழுவதும் வேறு கதை கதைக்காது. புத்தகப் புழுவைப் போல இது தன்னைச் சுற்றிக் கூடு கட்டாது. தண்டில் ஒரே ஒரு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வண்ணத்துப்பூச்சி வரும். கலண்டரில் பேரனே கோடு போடட்டும். அதுவரை ரசத்துக்குக் கறிவேப்பிலையைக் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: தமிழில் நல்ல படக்கதைகள் எங்கே கிடைக்கும்? பிள்ளையைப் பாடசாலைக்கே அனுப்பாமல் விடலாமா?
- ஒரு வாசகி, மட்டக்குளி

பதில்: செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையில் தேடுங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியும் இருக்கிறது. கொழும்புப் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் அங்கத்துவம் எடுங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். ஆங்கிலப் புத்தகம்தான் கையில் இருக்கிறதென்றால், எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லுங்கள். யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை.

இரண்டாவது கேள்வி அவ்வளவு இலகு அல்ல. இந்த நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 14ஆக இருந்த மேல் எல்லை 2016இல் 16ஆனது. முன்பள்ளி வயதுவரை உங்கள் விருப்பம். அதன் பிறகு வலயக் கல்விப் பணிமனைக்கு நேரில் போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வீட்டாரின் அபிப்பிராயம் சட்டம் அல்ல, என்னுடையதும் அல்ல.

கேள்வி: கைவேலைக்கு மினுங்கல் தூள் பாவிக்கலாமா?
- பம்பலப்பிட்டி

பதில்: வீட்டைக் கூட்டுவது யார் என்று நீங்கள் எழுதவில்லையே.