கேள்வி பதில்: டிக்சி டீனின் 60 கோல்

கேள்வி: 1927-28 சீசனில் எவர்டன் அணியின் டிக்சி டீன் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் 60 கோல் அடித்தார் என்கிறார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தினார்களாமே? அப்படியானால் அது விதி கொடுத்த சாதனைதானே?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: விதி மாறியது உண்மை. அதுவரை, பந்து வாங்கப்போகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஆஃப்சைடு. 1925-இல் அதை இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்து முழுக்க கோல் மழைதான். ஆனால் விதி டீனுக்கு மட்டுமா மாறியது? லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனின் 22 அணிகளுக்கும் அதே விதிதான். அந்த டிவிஷனில் ஒரே சீசனில் அதிக கோல் என்ற கணக்கில் அவருக்கு அடுத்தபடியாக வந்தவர் ஆஸ்டன் வில்லா அணியின் பாங்கோ வாரிங். 1930-31-இல் 49 கோல். விதியே அடித்துக் கொடுத்ததென்றால் இருவருக்கும் நடுவே இந்த 11 கோல் வித்தியாசம் ஏன்?

டீன் துரத்தியது வேறொரு எண்ணை. முந்தைய சீசனில் இரண்டாம் டிவிஷனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 59 அடித்திருந்தார். கடைசி இரண்டு ஆட்டத்துக்கு முன் டீனிடம் இருந்தது 53. பர்ன்லிக்குப் போய் நான்கு அடித்தார். மிச்சம் ஒரே ஆட்டம், 1928 மே 5, சொந்த மைதானமான குடிசன் பார்க்கில், ஆர்சனலுக்கு எதிராக. சாம்பியன் பட்டம் ஏற்கெனவே எவர்டன் கையில். கூட்டம் வந்தது அந்த மூன்று கோலுக்காகத்தான். முதல் பாதியிலேயே இரண்டு விழுந்தன, அதில் ஒன்று பெனால்டி. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது இடது ஓரத்திலிருந்து எவர்டனின் அலெக் ட்ரூப் கார்னர் அடித்தார். டீன் எழும்பித் தலையால் முட்டினார். 60! ஆர்சனல் பிறகு ஒன்று போட்டு 3-3 ஆக்கியதை யாரும் பொருட்படுத்தவில்லை. குள்ளமான அந்த ஸ்காட்லாந்துக்காரர் ட்ரூப்பின் பெயரையும் டீனோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஓரத்திலிருந்து அவர் தூக்கிக் கொடுத்த பந்துகள் இல்லாமல் அந்தக் கணக்கு வந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1926 கோடையில் வட வேல்ஸில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டீனுக்கு மண்டை ஓட்டிலும் தாடையிலும் எலும்பு முறிவு. இனி ஆட முடியாது என்றே டாக்டர்கள் பயந்தார்கள். மழையில் நனைந்தால் கனத்துப்போகும் தோல் பந்தை அதே தலையால் முட்டித்தான், இரண்டே வருடத்தில் இந்தச் சாதனை. அப்போது அவருக்கு வயது 21.

கேள்வி: இவ்வளவு கோல் அடித்தவருக்குச் சம்பளம் எவ்வளவு?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வாரத்துக்கு 8 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கிடையாது, அது லீக் வகுத்த உச்சவரம்பு. 1925-இல் டிரான்மியர் ரோவர்ஸிடமிருந்து அவரை வாங்க எவர்டன் கொடுத்தது 3,000 பவுண்டு. அணிக்கு அவ்வளவு, ஆடியவருக்கு இவ்வளவுதான் என்பது எனக்கு இன்றும் அநியாயமாகவே படுகிறது.

கேள்வி: 60-க்குப் பிறகு டீன் என்ன ஆனார்?
- ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: எவர்டன் 1930-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அவர் விட்டுப் போகவில்லை. மறு வருடமே அணி மேலே வந்தது, 1932-இல் மறுபடி சாம்பியன். லீக்கிலிருந்து தனியாக நடக்கும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் 1933 இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 3-0 என வென்றபோது அவர்தான் கேப்டன். ஒரு கோலும் அவருடையது. எவர்டனுக்காக லீக்கில் மட்டும் 349 கோல். இங்கிலாந்துக்கு 16 ஆட்டத்தில் 18.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் காலம்தான். டாமி லாட்டன் என்ற 17 வயதுப் பையனை எவர்டன் வாங்கியது, டீனின் இடத்துக்காகவே. டீனுக்கும் அது தெரியும். தெரிந்தும், தலையால் முட்டும் வித்தையை அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1938-இல் டீன் நாட்ஸ் கவுண்டிக்குப் போய்விட்டார். அடுத்த சீசனில் எவர்டன் மறுபடி சாம்பியன்; லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர்களின் வரிசையில் முன்னால் நின்றார் லாட்டன்.